மாவு பிசைவதில் தொடங்கும் ராமென்

ஜப்பானியரின் நூடுல்ஸ் சூப்பான ராமெனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சூப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எலும்பு எத்தனை மணி நேரம் கொதித்தது, எந்த ஊர் சோயா சாஸ், என்னென்ன கருவாடு என்று பட்டியல் நீளும். நான் மாவிலிருந்து தொடங்குகிறேன். அருமையான கோழிச் சாற்றில் சாதாரண கோதுமை நூடுல்ஸைப் போட்டால் கிடைப்பது அருமையான கோழி சூப். அது ராமென் ஆகாது. சுமாரான சாற்றில் சரியான நூடுல்ஸைப் போட்டால் அது சுமாரான ராமென்தான் என்றாலும், ராமென். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து சாப்பிட்டுப் பார்த்தபின் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

நான் செய்தது டோக்கியோ பாணி ஷோயு ராமென், அதாவது சோயா சாஸ் ராமென். தெளிந்த கோழிச் சாறு, கடல்பாசியும் கருவாடும் ஊறிய தாஷி, சோயா சாஸ், லேசாக வளைந்த நூடுல்ஸ். செய்த இடமும் டோக்கியோதான். ஒரு சின்ன அடுக்ககச் சமையலறை, இரண்டு பர்னர் எரிவாயு அடுப்பு, மேடைமேல் வைக்கும் ஓவன். பெரிய வசதி எதுவும் தேவைப்படவில்லை. வாங்கியவற்றில் கொஞ்சம் விலையான பொருள் கைப்பிடியைச் சுற்றி இயக்கும் நூடுல்ஸ் இயந்திரம் மட்டுமே. இத்தாலியப் பாஸ்தாவுக்காக விற்கப்படும் இயந்திரமும் இதே வேலையைச் செய்யும்.

இயந்திரத்தையும் கிண்ணங்களையும் காப்பாபாஷி தெருவில் வாங்கினேன். உணவகங்களுக்கான பாத்திரங்களும் கருவிகளும் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் அசகுசா. 1910-ல் ராய்ராய்கென் என்ற கடை அங்கேதான் திறக்கப்பட்டது. யோகோஹாமா சுங்க இலாகாவில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த ஒசாகி கன்இச்சி என்பவர், யோகோஹாமாவின் சீனக் குடியிருப்பிலிருந்து 12 சமையல்காரர்களை அழைத்துவந்து நடத்திய கடை. ராமெனுக்கென்றே பெயர்பெற்ற முதல் கடை என்று ஜப்பானியர் இதைத்தான் சொல்கிறார்கள்.

அதற்கு முன்பும் இந்த உணவு ஜப்பானில் இருந்தது. 1859-ல் யோகோஹாமா, நாகசாகி, ஹகோதாதே துறைமுகங்கள் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டன. பிறகு கோபேயும் திறந்தது. வணிகர்களோடு தென்சீனத்துச் சமையல்காரர்களும் வந்தார்கள். அவர்கள் செய்த நூடுல்ஸ் சூப்பை ஜப்பானியர் முதலில் நான்கின் சோபா என்றும், பிறகு ஷினா சோபா என்றும் அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சூகா சோபா என்ற பெயர் வந்தது. டோக்கியோவில் சில பழைய கடைகளின் திரைத்துணியில் இன்றும் சூகா சோபா என்றே எழுதியிருக்கும். ராய்ராய்கென் செய்த மாற்றம் எளியது: சீன முறைச் சாற்றை டோக்கியோ நாக்குக்குப் பழகிய சோயா சாஸோடு சேர்த்தது, மேலே பன்றி இறைச்சித் துண்டும் மூங்கில் குருத்தும் வெங்காயத் தாளும் வைத்தது. நூற்றாண்டு கடந்தும் அந்தக் கிண்ணம் அடையாளம் மாறாமல் இருக்கிறது. அதனால்தான் முதலில் இதைச் செய்ய எடுத்துக்கொண்டேன். மற்ற வகைகள் எல்லாம் இதில் ஒரு படியை மாற்றினால் வருகின்றன. எந்தப் படியில் எந்த ஊர் பிரிகிறது என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஆப்ப சோடாவைச் சுடுதல்

ராமென் நூடுல்ஸில் முட்டை இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். சில வகைகளில் உண்டு, ஆனால் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் அதுவல்ல. மாவில் கான்சுய் என்ற காரநீர் சேர்கிறது. சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் ஆகிய இரண்டும் கலந்த கரைசல் அது. கோதுமை மாவில் இயல்பாக உள்ள ஃப்ளாவனாய்டு நிறமிகள் காரத்தன்மையில் மஞ்சளாகின்றன. மாவின் குளூட்டன் என்ற புரதம் இறுகி நூடுல்ஸுக்கு இழுவையும் கடிபடும் உறுதியும் வருகின்றன. சூடான சூப்பில் கிடந்தும் சில நிமிடங்கள் குழையாமல் தாங்குவது இதனால்தான். உடோன் நூடுல்ஸும் கோதுமைதான். அதில் கான்சுய் கிடையாது, உப்பும் நீரும் மட்டுமே. இரண்டையும் பிரிக்கும் கோடு இதுதான்.

ஜப்பானில் கான்சுய் தூளாகவே கிடைக்கிறது. நான் அதை வாங்கவில்லை. சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து இதைப் படிப்பவர்களும் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. ஆப்ப சோடா எல்லா ஊரிலும் கிடைக்கும். அதைச் சூடாக்கினால் நீராவியையும் கரியமில வாயுவையும் விட்டுவிட்டு சோடியம் கார்பனேட்டாக மாறிவிடுகிறது.

தட்டில் பேக்கிங் காகிதம் விரித்து 100 கிராம் ஆப்ப சோடாவை மெல்லிய அடுக்காகப் பரப்பினேன். ஓவன் 130 டிகிரி, ஒரு மணி நேரம். முழுதாக மாறியதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. வெள்ளைத்தூள் வெள்ளைத்தூளாகவே இருக்கும். எடைதான் சொல்லும். 100 கிராம் போட்டால் ஏறத்தாழ 63 கிராம் மிஞ்ச வேண்டும். 70-க்கு மேல் நின்றால் இன்னும் மாறாத சோடா இருக்கிறது என்று பொருள்; திரும்ப உள்ளே வைக்க வேண்டும். ஓவன் இல்லாதவர்கள் கனமான இரும்பு வாணலியில் சிறுதீயில் கிளறியும் செய்யலாம். எடைக் கணக்கு ஒன்றுதான்.

இங்கே சில எச்சரிக்கைகள் அவசியம். சுட்ட சோடா ஆப்ப சோடாவைவிட மிகக் கடுமையான காரம். ஈரக் கையால் தொடக் கூடாது, தூள் பறக்கும்படி கொட்டக் கூடாது, அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது. சலவை சோடா என்று கடையில் விற்பதும் இதே வேதிப்பொருள்தான் என்று யாராவது சொன்னால், அதை வாங்கிச் சமையலில் போட்டுவிடாதீர்கள். அது உணவுக்காகத் தூய்மைப்படுத்தப்பட்டதல்ல. வீட்டில் சுட்டதை இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில், மேலே பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

மாவு

நான்கு கிண்ணத்துக்கு என் அளவு: ரொட்டி மாவு 400 கிராம், நீர் 140 மில்லி, சுட்ட சோடா 4 கிராம், உப்பு 4 கிராம். மாவின் புரதம் 12 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பொட்டலத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். சாதாரண மைதாவில் புரதம் குறைவு, நூடுல்ஸ் மெத்தென்று வரும்.

140 மில்லி என்பது மாவின் எடையில் 35 சதவீதம். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இது பத்தவே பத்தாது என்றுதான் தோன்றும். அதற்காக நீரைக் கூட்டிவிடாதீர்கள். ராமென் வகைகளின் பெரிய பிரிவு ஒன்று இந்த எண்ணில்தான் இருக்கிறது. தென் ஜப்பானில் உள்ள ஹகாதாவின் மெல்லிய நேரான நூடுல்ஸுக்கு 26, 28 சதவீதம் போதும். அது சூப்பை வேகமாக உறிஞ்சும், வேகமாகவே குழைந்தும் போகும். அதனால்தான் அங்கே நூடுல்ஸைக் கொஞ்சமாகப் பரிமாறி, தீர்ந்ததும் மீதமுள்ள சூப்பிலேயே இன்னொரு பிடி நூடுல்ஸ் கேட்டு வாங்கும் காஎதாமா வழக்கம் இருக்கிறது. நாகஹாமா மீன்சந்தையில் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டிய தொழிலாளர்களுக்காக வந்த ஏற்பாடு அது. மறுகோடியில் ஃபுகுஷிமா மாவட்டத்தின் கிதகாதா நகரம். அங்கே 40 சதவீதத்துக்கும் மேல் நீர் சேர்த்துத் தட்டையான, சுருண்ட நூடுல்ஸ் செய்கிறார்கள். வழுவழுப்பாக, கனமாக இருக்கும். அந்த ஊரில் காலை உணவாகவே ராமென் சாப்பிடும் வழக்கம் உண்டு. டோக்கியோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

முதலில் நீரில் சுட்ட சோடாவைக் கரைக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கினால் தெளிவாகக் கரைந்துவிடும். பிறகு உப்பு. இந்த நீரை மாவில் மூன்று தவணையாக ஊற்றி, குச்சியால் விடாமல் கிளறினேன். குழைத்து உருட்டுவது இந்தக் கட்டத்தில் நோக்கமே அல்ல. புட்டுக்குப் பிசிறிய மாவு போல, எல்லாத் துகளும் ஈரமாகவும் தனித்தனியாகவும் இருந்தால் போதும். கண் முன்னாலேயே மாவு வெளிர்மஞ்சளாக மாறும். ஒரு மணமும் எழும். ராமென் கடை வாசலில் நூடுல்ஸ் வேகும்போது வருமே, அதே மணம். எனக்கு இந்த முழு வேலையிலும் மிகப் பிடித்த நிமிடம் இதுதான்.

பிசிறிய மாவைத் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு அரை மணி நேரம் வைத்தேன். நீர் மாவுக்குள் தானாகப் பரவ அந்த நேரம் வேண்டும். அதன்பின் பையின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, காலால் ஏறி மிதிக்க வேண்டும். ஜப்பானியர் உடோனுக்கு இப்படித்தான் செய்கிறார்கள். கையால் பிசைந்து இந்த மாவை ஒன்றுசேர்ப்பது மிகக் கடினம். மிதித்து, மடித்து, மீண்டும் மிதித்தால் தட்டையான ஒரு பாளம் கிடைக்கும்.

பாளத்தை நான்காக வெட்டி, பூரிக்கட்டையால் ஓரத்தை மெலிதாக்கி இயந்திரத்தின் அகலமான இடைவெளியில் செலுத்தினேன். முதல் தடவை ஓரமெல்லாம் கிழியும், நடுவில் ஓட்டை விழும். கவலை வேண்டாம். இரண்டாக மடித்து மறுபடியும் செலுத்த வேண்டும். நான்கைந்து மடிப்புக்குப் பிறகு திடீரென்று மேற்பரப்பு வழவழப்பாகிவிடும். அதோடு மடிப்பதை நிறுத்திவிடலாம். எப்போதும் ஒரே திசையில் செலுத்துவது முக்கியம். நூடுல்ஸின் நீளவாக்கில் குளூட்டன் வரிசைப்படுவதற்கு அது உதவுகிறது.

பையில் மூடி ஒரு மணி நேரம் ஓய்வு. அதற்குப் பின் படிப்படியாக மெலிதாக்கி 1.5 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவந்து, அதே அகலத்தில் வெட்டினேன். சோளமாவு தூவி, ஒரு கிண்ணத்துக்கு 135 கிராம் வீதம் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் உள்ளங்கையால் அழுத்திப் பிசைந்து விட்டேன். நேரான நூடுல்ஸில் அலை விழுவது இப்படித்தான். இயந்திர வெட்டில் வரும் சீரான சுருளைவிட, கையால் அழுத்திய இந்த ஒழுங்கற்ற அலை எனக்கு அதிகம் பிடிக்கிறது. வாயில் ஒவ்வோர் இழையும் வேறு விதமாகப் படுகிறது. மூடிய டப்பாவில் ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தேன். உடனே வேகவைத்த நூடுல்ஸில் சோடா வாடை தூக்கலாக இருக்கும். மறுநாள் அது அடங்கி, கோதுமையின் மணம் முன்னால் வரும்.

கோழிச் சாறு

கோழியின் எலும்புக்கூடு 1 கிலோ, கோழிக்கால் (பாதப் பகுதி) 200 கிராம், நீர் இரண்டரை லிட்டர். ஜப்பானியப் பல்பொருள் அங்காடிகளில் இறைச்சி நீக்கிய எலும்புக்கூட்டைத் தனியாக மலிவு விலையில் விற்கிறார்கள். முதுகெலும்பை ஒட்டி உள்ளே படிந்திருக்கும் கருஞ்சிவப்புப் பகுதிகளை விரலால் தோண்டி எடுத்து, ஓடும் நீரில் இரத்தம் போகக் கழுவுவதுதான் இதில் பொறுமை வேண்டிய வேலை. சாற்றின் தெளிவில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. கோழிக்கால் ஜெலட்டினுக்காக, அது இல்லாத சாறு நாக்கில் தண்ணீராக ஓடிவிடும்.

குளிர்ந்த நீரில் போட்டு மெதுவாகச் சூடாக்கி, மேலே வரும் நுரையை எடுத்துக்கொண்டே இருந்தேன். அதன் பிறகு 90 முதல் 95 டிகிரிக்குள் நான்கு மணி நேரம். பாத்திரத்தின் ஒரு மூலையில் மட்டும் எப்போதாவது ஒரு குமிழி எழ வேண்டும். மூடி போடவில்லை. கடைசி ஒரு மணி நேரத்தில் வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியும் தோலோடு தட்டிய இஞ்சியும் சேர்த்தேன். வடிகட்டும்போது அழுத்திப் பிழியக் கூடாது.

கொதிக்க விட்டால் என்ன ஆகும்? கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து, ஜெலட்டினால் பிணைக்கப்பட்டு, சாறு பால் போல வெளுத்துவிடும். ஷோயு ராமெனுக்கு அது வேண்டாம். ஆனால் கியூஷு தீவின் டொன்கொட்சு ராமென் முழுதும் அந்த வெளுப்பின் மேல்தான் நிற்கிறது. 1937-ல் குருமே நகரில் நான்கின் சென்ரியோ என்ற தள்ளுவண்டிக் கடை பன்றி எலும்புச் சாற்றில் ராமென் விற்கத் தொடங்கியது. வெளுத்த சாறு வந்தது 1947-ல், அதே ஊரின் சான்கியூ கடையில் என்று சொல்கிறார்கள். அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் வருவதற்குள் பானை பொங்கிக் கொதித்து வெளுத்துவிட்டதாம். சுவைத்துப் பார்த்தால் முன்பைவிட நன்றாக இருந்ததாம். அங்கிருந்து அது ஹகாதாவுக்கும் குமமோதோவுக்கும் போனது. உங்கள் அடுப்பில் கோழிச் சாறு எப்போதாவது வெளுத்துவிட்டால் கொட்டிவிடாதீர்கள். இன்னும் பலமாகக் கொதிக்கவைத்து முழுதாக வெளுக்க விடுங்கள். தோரி பாய்தான் என்ற பெயரில் கோழிச் சாற்றிலேயே இந்த வகையும் உண்டு.

தாஷி

முக்கால் லிட்டர் நீரில் 15 கிராம் கொம்பு என்ற ஜப்பானியக் கடற்பாசியை இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் 60 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுத்தேன். கொதித்த நீரில் கொம்பு கிடந்தால் வழுவழுப்பும் கசப்பும் இறங்கிவிடும். அடுத்து தலையும் குடலும் நீக்கிய நிபோஷி 20 கிராம். நெத்திலி வகைச் சிறு மீனை அவித்துக் காயவைத்தது அது. மெல்லிய தீயில் பத்து நிமிடம். கடைசியாக அடுப்பை அணைத்துவிட்டு 15 கிராம் கட்சுவோபுஷிச் சீவல். இரண்டு நிமிடத்தில் வடிகட்டினேன்.

கட்சுவோபுஷி என்றதும் தூரத்துப் பொருளாகத் தோன்றலாம். மாலத்தீவிலிருந்தும் மினிக்காயிலிருந்தும் வரும் மாசிக் கருவாட்டை அறிந்தவர்களுக்கு இது அன்னியமல்ல. இரண்டும் ஒரே சூரை மீன். இரண்டையும் அவித்து, புகையிட்டு, கல்போல் ஆகும்வரை உலர்த்துகிறார்கள். ஜப்பானின் உயர்ரகக் கட்சுவோபுஷியில் அதற்கு மேலும் பூஞ்சை வளரவிட்டு உலர்த்தும் படி ஒன்று இருக்கிறது. கட்சுவோபுஷி கிடைக்காத ஊரில் மாசியை மெலிதாகச் சீவிப் பயன்படுத்துவேன். புகை மணம் வேறுபடும், ஆனால் செய்ய வேண்டிய வேலையைச் செய்யும்.

அந்த வேலை என்ன என்பதை டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் இகேதா கிகுநாயேதான் முதலில் கண்டுபிடித்தார். 1908-ல் கொம்பிலிருந்து குளுட்டாமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913-ல் அவருடைய மாணவர் கொதாமா ஷின்தாரோ கட்சுவோபுஷியில் இனோசினிக் அமிலத்தைக் கண்டார். இரண்டும் சேர்ந்தால் சுவை கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது. வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். கோழிச் சாற்றை மட்டும் ஒரு கரண்டி, தாஷியை மட்டும் ஒரு கரண்டி, பிறகு இரண்டு பங்கு சாறும் ஒரு பங்கு தாஷியும் கலந்து ஒரு கரண்டி. மூன்றிலும் இரண்டு துளி உப்புநீர் விட்டுக் குடித்துப் பாருங்கள். விளக்கமே வேண்டியிருக்காது.

தாரேயும் எண்ணெயும்

சூப்பில் இதுவரை உப்பே போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ராமெனில் உப்பு தாரே என்ற செறிவான சுவைக் கலவை வழியாகத்தான் வருகிறது. அது கிண்ணத்தில் மட்டுமே சாற்றோடு சேர்கிறது. ஒரே பானைச் சாற்றிலிருந்து ஒரு கடை மூன்று வகை ராமென் தருவதும் இதனால்தான். ஷியோ தாரே ஊற்றினால் ஹகோதாதே பக்கத்தின் தெளிந்த உப்பு ராமெனை நெருங்கலாம். ஷோயு தாரே டோக்கியோ. புளித்த சோயா விழுதான மிசோ என்றால் சப்போரோ. 1955 வாக்கில் சப்போரோவின் அஜி நோ சான்பெய் கடையில் ஓமியா மொரிதோ மிசோ ராமெனை உருவாக்கினார். அங்கே வாணலியில் பன்றிக் கொழுப்பில் முளைப்பயறும் வெங்காயமும் வதக்கி அதிலேயே சாற்றை ஊற்றுகிறார்கள். மேலே நிற்கும் கொழுப்புப் படலம் ஹொக்கைதோவின் குளிரில் சூப்பை ஆறவிடாமல் காக்கிறது.

என் ஷோயு தாரே: மிரின் என்ற இனிப்பு அரிசி மது 40 மில்லி, சாக்கே என்ற அரிசி மது 60 மில்லி இரண்டையும் கொதிக்கவைத்து மது வாடை போனதும், சோயா சாஸ் 200 மில்லி, உப்பு 10 கிராம், ஒரு துண்டு கொம்பு, இரண்டு உலர்ந்த ஷியிதாக்கே காளான். 80 டிகிரிக்கு மேல் போகாமல் கால் மணி நேரம். சோயா சாஸைக் கொதிக்க விட்டால் அதன் மேல்மணம் போய்விடும். அடர்நிற ஜப்பானிய சோயா சாஸே வேண்டும். டோக்கியோவின் சோயா சாஸ் பழக்கமே சீபா மாவட்டத்தின் நோதா, சோஷி ஊர்களிலிருந்து ஆற்றுவழியாக எதோவுக்கு (டோக்கியோவின் பழைய பெயர்) வந்த பீப்பாய்களில் வளர்ந்தது. காளான் வெறும் மணத்துக்காக அல்ல. சோஷியின் ஒரு சோயா சாஸ் நிறுவனத்தில் ஆய்வு செய்த குனிநாகா அகிரா, 1950-களின் இறுதியில் ஷியிதாக்கேயின் குவானிலிக் அமிலத்தை உமாமிப் பட்டியலில் மூன்றாவதாகச் சேர்த்தவர்.

எண்ணெய் எளிது. கோழித்தோலும் கொழுப்பும் 200 கிராம், கொஞ்சம் நீர், வெங்காயத் தாள், இஞ்சி. நீர் வற்றிக் கொழுப்பு உருகித் தெளியும்வரை சிறுதீ. இதைத் தவிர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேறு எதை வேண்டுமானாலும் தவிர்க்கலாம், இதைத் தவிர்க்காதீர்கள். மணம் மூக்குக்கு வருவது இதன் மேல் ஏறித்தான். நூடுல்ஸை உறிஞ்சும்போது சூப்பை அதோடு இழுத்து வருவதும் இதுவே.

மேலே வைப்பவை

பன்றித் தோள் இறைச்சியை நூலால் கட்டி, கோழிச் சாற்றிலேயே ஒன்றரை மணி நேரம் வேகவைத்து, பிறகு சோயா சாஸ், மிரின், சாக்கே கலவையில் ஊறவைத்தேன். இதன் பெயர் சாஷு; கான்டன் சமையலில் இது சுட்ட இறைச்சி, ஜப்பானில் பெரும்பாலும் வேகவைத்தது. பன்றி சாப்பிடாதவர்கள் எலும்பு நீக்கிய கோழித்தொடையைச் சுருட்டிக் கட்டி 40 நிமிடம் வேகவைத்தால் போதும். முட்டையைக் கொதிநீரில் ஆறரை நிமிடம் வைத்து, பனிக்கட்டி நீரில் போட்டு உரித்து, அதே ஊறல் நீரில் ஓர் இரவு வைத்தேன். மென்மா என்ற புளித்த மூங்கில் குருத்தைக் கடையில் வாங்கினேன். நோரி என்ற உலர் கடற்பாசித் தாள் ஒரு துண்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத் தாள்.

கிண்ணத்தில் சேர்த்தல்

இங்கே வேகம் வேண்டும். எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். அகலமான பெரிய பாத்திரத்தில் நிறைய நீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். கிண்ணங்களில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட வேண்டும். ஒரு கிண்ணத்துக்குத் தாரே 30 மில்லி, கோழி எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. நூடுல்ஸைக் கொதிநீரில் உதிர்த்துப் போட்டதும் நேரம் பார்க்கத் தொடங்குங்கள். இந்தக் கனத்துக்கு ஒன்றே முக்கால் நிமிடம். ஒரு நிமிடம் ஆனதும் சாறும் தாஷியும் கலந்து கொதிக்கும் நிலையில் உள்ள சூப் 300 மில்லியைக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். நூடுல்ஸை வடித்து, நீர் முழுதும் போக நன்றாக உதறி, சூப்பில் இறக்கி, குச்சியால் ஒருமுறை தூக்கி மடித்து வையுங்கள். உதறாமல் விட்ட நீர் சூப்பை நீர்த்துப்போகச் செய்வதோடு சோடா வாடையையும் கொண்டுவந்துவிடும். நூடுல்ஸ் வெந்த நீரை எந்தக் காரணத்துக்காகவும் சூப்பில் சேர்க்கக் கூடாது.

நான்கு பேர் என்றால் இரண்டிரண்டு கிண்ணமாகச் செய்வதே நல்லது. முதல் இருவர் மற்றவர்களுக்காகக் காத்திருக்கக் கூடாது. மரியாதைக்காகக் காத்திருந்தால் நூடுல்ஸ் ஊதிவிடும். சத்தமாக உறிஞ்சிச் சாப்பிடுவது ஜப்பானில் தவறல்ல. காற்றும் சேர்ந்து போவதால் சூடு தணிகிறது, மணமும் கூடுகிறது.

நீண்ட நேரம் பேசிக்கொண்டு சாப்பிட விரும்புகிறவர்களுக்குச் சுகேமென் பொருத்தம். நூடுல்ஸை வேகவைத்துக் குளிர்நீரில் அலசித் தனித் தட்டில் வைத்து, கெட்டியான சூப்பில் தோய்த்துச் சாப்பிடும் வகை. 1955-ல் டோக்கியோ நாகானோவின் தாய்ஷோகென் கடையில் யமகிஷி கசுவோ இதைப் பட்டியலில் சேர்த்தார். கடைக்காரர்கள் தங்களுக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து வாடிக்கையாளர் கேட்டதில் வந்த யோசனை அது. இதற்கு நூடுல்ஸை 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக வெட்டி, தாரேயை ஒன்றரை மடங்காக்க வேண்டும்.

இவ்வளவு வேலை எதற்கு, பொட்டலத்தைப் பிரித்தால் மூன்று நிமிடம்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போருக்குப் பின் அரிசித் தட்டுப்பாட்டில் அமெரிக்கக் கோதுமை மாவு வந்து குவிந்தது. கறுப்புச் சந்தைகளின் ஓரத்தில் ராமென் வண்டிகளுக்கு முன் மக்கள் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையை ஒசாகாவில் பார்த்த அந்தோ மொமொஃபுகு, இகேதா நகரில் தன் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் உழைத்து, நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து நீரகற்றும் முறையைக் கண்டுபிடித்தார். 1958-ல் 35 யென் விலையில் சிக்கின் ராமென் வந்தது; ராமென் என்ற பெயர் நாடு முழுதும் நிலைத்ததற்கு அந்தப் பொட்டலமே பெரிய காரணம். பசியைப் பார்த்துப் பிறந்த அந்த உணவின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அது தராத ஒன்றைத் தேடித்தான் மாவு பிசைகிறேன்: அன்று வெட்டி மறுநாள் வேகும் நூடுல்ஸின் மணமும் இழுவையும்.

மீதியைச் சேமிக்கும் முறை: தாரே குளிர்பெட்டியில் ஒரு மாதம் கெடாது. கோழி எண்ணெயை உறைபெட்டியில் வைத்துக் கரண்டியால் சுரண்டி எடுக்கலாம். சாற்றை 300 மில்லி வீதம் பைகளில் உறையவைத்துவிட்டால் அடுத்த முறை நூடுல்ஸ் மட்டும் செய்தால் போதும். தாஷியை மட்டும் அன்றன்றைக்குப் புதிதாகச் செய்வது நல்லது. உறைந்து உருகினால் கட்சுவோபுஷியின் மணம் மங்கிவிடுகிறது. நூடுல்ஸையும் உறையவைக்கலாம். சமைக்கும்போது உருகவிடாமல் அப்படியே கொதிநீரில் போட்டு, அரை நிமிடம் கூடுதலாக வேகவையுங்கள்.